ஒரு ராத்திரி தங்க இடம்

சென்னை பீச்சிலிருந்து தாம்பரம் போகிற மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்கு அடுத்த நிறுத்தம் தாம்பரம் சானடோரியம். காலை வண்டியில் வருகிறவர்களில் நிறையப் பேர் மெப்ஸ் கம்பெனிகளுக்குப் போக அங்கே இறங்குவார்கள். "சானடோரியம் வந்தா எழுப்பிவிடு" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுத் தூங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பெயர் ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. ஊர்ப் பெயர் மாதிரியே ஆகிவிட்டது.

அந்த ஆஸ்பத்திரியை 1928-ல் தொடங்கியவர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரி முத்து என்ற மருத்துவர். இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் காசநோய் சானடோரியம் நடத்தியவர். 1917-ல் கணிதமேதை ராமானுஜனுக்குக் காசநோய் என்று சந்தேகம் வந்தபோது, கொஞ்சகாலம் அவருடைய சானடோரியத்தில்தான் தங்கவைத்திருந்தார்கள். காசநோய்க்கு அன்றைக்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வர இன்னும் பல வருஷம் இருந்தது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, இவ்வளவுதான் வைத்தியம். கூடவே இன்னொன்று: ஊரிலிருந்து தூரம். இருமுகிறவரை வீட்டில் வைத்துக்கொள்ள யாரும் விரும்பவில்லை. அன்றைய தாம்பரம் அந்தத் தூரத்தைக் கொடுத்தது. 1937-ல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. இன்றைக்கு அதன் பெயர் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. பழைய ஆட்களுக்கு அது டிபி ஆஸ்பத்திரி.

நான் எழுத வந்த விஷயம் வேறு. தன் உடலாலோ, யாரை விரும்புகிறோம் என்பதாலோ வீட்டை விட்டு வெளியே வந்த, அல்லது வெளியே தள்ளப்பட்ட பிள்ளைகளுக்கு இந்த நகரம் எப்படி இடம் கொடுத்தது என்கிற கதை. அதைச் சொல்ல ஆஸ்பத்திரியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் சென்னையில் அந்தப் பிள்ளைகளுக்காக அரசும் நன்கொடையாளர்களும் திறந்த முதல் கதவுகள் நோயின் கதவுகள். எய்ட்ஸ் என்று ஒன்று வராமல் இருந்திருந்தால் அவை எப்போது திறந்திருக்கும், திறந்திருக்குமா என்றே சொல்ல முடியாது. உதவி எந்த வாசல் வழியாக வந்தது என்பது, அது யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்காமல் போனது என்பதை இன்றுவரை தீர்மானித்துக்கொண்டிருக்கிறது.

*

அரசுக்கும் தொண்டு நிறுவனங்களுக்கும் முன்னால் ஒரு கதவு இருந்தது. திருநங்கைகளின் ஜமாத்.

பதினைந்து, பதினாறு வயதில் அண்ணன் அடிக்கிறான், அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார், பள்ளிக்கூடத்தில் கழிவறைக்குப் போகவே பயம் என்று வீட்டை விட்டுக் கிளம்பிய பிள்ளைக்கு, ஏதோ ஒரு ஊரில் ஒரு குருவின் வீடு இருந்தது. குரு அம்மா ஆவார். வந்தவர் சேலா, அதாவது மகள். அம்மாவுக்கு ஒரு அம்மா இருப்பார், அவர் நானி. அக்கா, தங்கை, சித்தி என்று முழுக் குடும்பமே கிடைக்கும். ரத்த சம்பந்தம் இல்லாத ஒரு குடும்பத்தை, சட்டத்தின் அங்கீகாரம் எதுவும் இல்லாமல், தலைமுறை தலைமுறையாக நடத்திக் காட்டியவர்கள் அவர்கள்.

அதற்கு விலையும் உண்டு. வீட்டில் இருக்க வேண்டுமானால் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும். வெளியே வேலை கொடுக்க யாரும் இல்லாததால் சம்பாத்தியம் என்றால் கடை கேட்பது, இல்லாவிட்டால் பாலியல் தொழில். ரேவதி தொகுத்த 'உணர்வும் உருவமும்' (2005), லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான், வித்யா' (2007) ஆகிய புத்தகங்கள் வந்த பிறகுதான் தமிழ் வாசகர்களுக்கு இந்த வாழ்க்கை உள்ளிருந்து தெரிய வந்தது. வித்யா மொழியியலில் முதுகலை முடித்தவர். அவர் புனேவில் ரயிலில் கைநீட்ட வேண்டியிருந்தது. ஜமாத்தைக் குறை சொல்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். அந்த முதுகலைப் பட்டத்துக்கு வேலை தராத ஊர்தான் ஜமாத்துக்கு வேறு வருமானம் இல்லாமல் செய்தது.

ஜமாத்தின் கதவும் எல்லோருக்குமானது இல்லை. திருநங்கையாகத் தன்னை உணர்ந்தவருக்குத்தான் அந்த உறவுமுறையில் இடம். ஆண்களை விரும்பும், ஆனால் ஆணாகவே வாழும் ஒரு பையனுக்கு அங்கே வேலை இல்லை. இன்னொரு பெண்ணை விரும்பும் பெண்ணுக்கும், திருநம்பிக்கும் அப்படி ஒரு மரபான வீடு எங்கேயும் இருக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே அடைபட்டு, கல்யாணம் செய்து வைக்கப்பட்டு, கணக்கிலேயே வராமல் போனவர்கள் அவர்கள்.

*

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, தன் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் ஒரு ஆய்வு செய்தார். பாலியல் தொழில் வழக்குகளில் பிடிபட்டு, சென்னையில் ஒரு அரசுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்த மாதிரி எடுத்தார். மாதிரிகள் வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்குப் போயின. இந்தியாவில் எச்ஐவி இருக்கிறது என்று முதன்முதலாகத் தெரியவந்தது அப்படித்தான்.

இதில் அறிவியல் வரலாறு எழுதுகிறவர்கள் கவனிக்காமல் தாண்டிப்போகிற ஒரு சொல் 'காப்பகம்'. பெண்களைக் காப்பதற்காகச் சட்டம் ஏற்படுத்திய இடம் அது. பூட்டு வெளிப்பக்கம் இருந்தது. எச்ஐவி இருப்பதாகத் தெரிந்த பிறகு, தண்டனைக் காலம் முடிந்த பெண்களையும் வெளியே விடவில்லை. பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் இதை எதிர்த்து சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். 1990-ல் அந்தப் பெண்கள் விடுவிக்கப்பட்டார்கள். அதன் தொடர்ச்சியாக அவர் ஆரம்பித்த அமைப்புதான் சியாப் என்று அழைக்கப்படும் தென்னிந்திய எய்ட்ஸ் செயல்திட்டம்.

தங்குமிடம் என்ற வார்த்தையைக் கேட்டதும் நம் மனசு நெகிழ்ந்துவிடுகிறது. ஆனால் ஒரு இல்லத்தைப் பற்றி இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்று அந்த வழக்கு நமக்குச் சொல்லிக்கொடுத்தது. உள்ளே வர என்ன சான்று காட்ட வேண்டும்? வேண்டாம் என்றால் எழுந்து வெளியே போக முடியுமா?

இதற்குப் பிறகு கதை தாம்பரத்துக்குத் திரும்புகிறது. 1990-களின் ஆரம்பத்தில் எச்ஐவி நோயாளி என்றால் பல ஆஸ்பத்திரிகளில் படுக்கை கிடையாது. காசநோயும் எச்ஐவியும் சேர்ந்தே வரும் என்பதால் நெஞ்சக நோய் மருத்துவமனைக்கு அவர்கள் வந்து சேர்ந்தார்கள். 1993-லிருந்து தாம்பரம் சானடோரியம் அவர்களை உள்நோயாளிகளாகச் சேர்க்கத் தொடங்கியது. அந்தக் காலத்தில் அங்கே கண்காணிப்பாளராக இருந்த மருத்துவர் தெய்வநாயகம், அலோபதியில் கொடுக்க ஒன்றும் இல்லாத சூழலில் ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம் என்று சித்த மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். அந்த மருந்துகளின் பலனைப் பற்றி விவாதம் உண்டு. ஆனால் அவர் கதவைத் திறந்து வைத்தார் என்பதில் விவாதம் இல்லை. ஆந்திராவிலிருந்தெல்லாம் ரயிலேறி வந்தார்கள். நாட்டின் மிகப் பெரிய எச்ஐவி சிகிச்சை மையங்களில் ஒன்றாகத் தாம்பரம் மாறியது. 2004 ஏப்ரல் 1-ம் தேதி மத்திய அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையை எட்டு அரசு மருத்துவமனைகளில் தொடங்கியபோது அதில் தாம்பரமும் ஒன்று.

நோயாளிகளும் சும்மா இருக்கவில்லை. 1997-ல் சென்னையில், எச்ஐவியோடு வாழ்பவர்கள் சேர்ந்து தங்களுக்கான தேசிய அளவிலான கூட்டமைப்பை ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னின்றவர் அசோக் பிள்ளை. அடுத்த ஆண்டு கௌசல்யா முன்னெடுப்பில் பெண்களுக்கான தனி அமைப்பு வந்தது. தனக்கு நேர்ந்ததைத் தானே எழுந்து பேசுவது என்ற பழக்கம் இந்த நகரத்தில் இவர்கள் வழியாகவும் வேரூன்றியது. பின்னால் வந்த பால்புதுமையினர் இயக்கங்களும் இதே மண்ணில் வளர்ந்தவைதான்.

*

1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் பதிவு செய்யப்பட்டது. இந்தியாவில் இப்படி ஒரு சங்கம் அமைத்த முதல் மாநிலம் தமிழ்நாடு. 1995-ல் அமெரிக்க அரசின் நிதியோடு, தரமணியில் இருக்கும் விஎச்எஸ் மருத்துவமனை வழியாக 'அபாக்' என்ற தடுப்புத் திட்டம் வந்தது. ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள், திருநங்கைகள், பாலியல் தொழிலாளர்கள் ஆகியோரிடம் போய்ப் பேச வேண்டும் என்ற தேவை அரசுக்கு முதல்முறையாக வந்தது. போய்ப் பேச அவர்களுக்குள்ளேயே ஆள் வேண்டும். அப்படிப் பல குழுக்கள் உருவாகின. 1998-ல் சுனில் மேனன் தொடங்கிய சகோதரன் அவற்றில் முக்கியமானது.

இந்தக் குழுக்களுக்கு ஒரு அறை இருக்கும். டிராப்-இன் சென்டர் என்பார்கள். வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற இடம். திட்ட அறிக்கையில் அந்த அறையின் வேலை ஆணுறை கொடுப்பது, பரிசோதனைக்கு அனுப்புவது, பால்வினை நோய்க்குச் சிகிச்சை. உள்ளே நடந்தது அதைவிடப் பெரிது. வீட்டில் போட முடியாத புடவையைக் கட்டிப் பார்க்க, கோதி பாஷையில் வாய்விட்டுச் சிரிக்க, காதலன் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனதைச் சொல்லி அழ, நகரத்தில் இருந்த ஒரே அறை அது. போலீஸ் பிடித்தால் ஸ்டேஷனுக்கு வர ஒரு ஆள் இருந்தார். அதற்கு நிதி கொடுத்தவர்களின் படிவத்தில் இந்த வேலைகளுக்கெல்லாம் கட்டம் இல்லை.

நான் மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். ஒரு படிவத்தில் ஒரு கேள்வியைக் கட்டாயம் என்று வைத்துவிட்டால், அதற்குப் பதில் இல்லாதவர் அடுத்த பக்கத்துக்குப் போகவே முடியாது. சிலர் அங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சிலர் எதையாவது நிரப்பிவிட்டு உள்ளே வருவார்கள். கணினித் திரையில் இரண்டாமவர் நமக்கு ஒரு வாடிக்கையாளராகத் தெரிவார், முதலாமவர் தெரியவே மாட்டார். எய்ட்ஸ் திட்டங்களின் கட்டாயக் கேள்வி, 'உனக்கு நோய் வர வாய்ப்பு இருக்கிறதா?' என்பது. ஆமாம் என்றவர்களுக்கு அறை கிடைத்தது. பெண்களை விரும்பும் பெண்களால் நோய் பரவும் ஆபத்து குறைவு. ஆகவே அவர்களுக்குத் திட்டம் இல்லை, நிதி இல்லை, அறை இல்லை. திருநம்பிகளுக்கும் அதே கதை. நோய் வராததே அவர்கள் கண்ணில் படாமல் போகக் காரணமாயிற்று.

நோயின் வாசல் என்பதாவது பாதுகாப்பானதா என்றால் அதுவும் இல்லை. 2001 ஜூலையில் லக்னோவில் எய்ட்ஸ் தடுப்பு வேலை செய்துகொண்டிருந்த நான்கு பேரை இந்திய தண்டனைச் சட்டம் 377-ம் பிரிவைக் காட்டிக் கைது செய்தார்கள். 47 நாள் சிறை. அதே ஆண்டு டெல்லியில் நாஸ் அறக்கட்டளை 377-க்கு எதிராக வழக்குப் போட்டது. நாஸும் எய்ட்ஸ் வேலை செய்த அமைப்புதான். இந்தச் சட்டம் இருந்தால் மக்கள் ஒளிந்துகொள்வார்கள், நோய்த் தடுப்பு நடக்காது என்பது அவர்கள் முன்வைத்த முக்கிய வாதங்களில் ஒன்று. அந்த வழக்கில் உள்துறை அமைச்சகம் சட்டம் இருக்கட்டும் என்றது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் அது தன் வேலைக்குத் தடை என்றது. ஒரே அரசு, இரண்டு பதில். காதலிக்க உரிமை வேண்டும் என்ற பேச்சுகூட நீதிமன்றத்துக்குள் நோயின் துணையோடுதான் நுழைய முடிந்தது.

*

நோயைப் பற்றிக் கேட்காத கதவுகளும் இருந்தன. எச்ஐவி கண்டுபிடிக்கப்பட்ட அதே 1986-ல், அதே சென்னையில், மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 'சினேகா' என்ற தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கினார். நம்முடைய கதையில் அதற்கு ஒரு தனி இடம் உண்டு. போன் எடுப்பவர் தன்னார்வலர். கூப்பிடுகிறவர் யார், என்ன சாதி, யாரை விரும்புகிறார் என்று எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. சாகலாம் போல இருக்கிறது என்று சொன்னால் போதும். கட்டாயக் கேள்வி இல்லாத படிவம் அது.

2003-ல் சென்னையில் சில நண்பர்கள் கூடிப் பேச ஆரம்பித்து, பின்னால் 'ஓரினம்' என்று பெயர் பெற்ற குழு இன்னொரு முயற்சி. சம்பளம் வாங்கும் ஊழியர்கள் இல்லாமல் தன்னார்வலர்கள் நடத்துவது. தமிழில் இதைப் பற்றிப் பேச வார்த்தையே இல்லாத காலத்தில், கேவலப்படுத்தாத வார்த்தைகளைத் தேடி எழுதியவர்களில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வார்த்தை என்ன பெரிய உதவியா என்று தோன்றலாம். அம்மாவிடம் சொல்ல முடிவெடுத்து, சமையலறை வாசலில் போய் நின்று, என்ன சொல்லை வைத்துத் தொடங்குவது என்று தெரியாமல் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகளைக் கேட்டால் தெரியும்.

ஆனால் போனும் எழுத்தும் மனசுக்கு இடம் கொடுக்கும். உடம்பைப் படுக்க வைக்க ஒரு பாய் வேண்டும். அங்கேதான் வரலாறு திணறியது. மற்ற நாடுகளில் சில இடங்களில் உதவி நேரே பாயிலிருந்தே தொடங்கியிருக்கிறது. 1989-ல் மான்செஸ்டரில் ஆல்பர்ட் கென்னடி என்ற பதினாறு வயதுப் பையன், காப்பகத்திலிருந்து ஓடிவந்தவன், ஒரு வாகன நிறுத்தக் கட்டடத்தின் மேலிருந்து விழுந்து இறந்தான். அவன் பெயரில் அதே ஆண்டு உருவான அறக்கட்டளை, வீடிழந்த இந்தப் பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளத் தயாராக இருப்பவர்களைத் தேடியது. நியூயார்க்கில் 2002-ல் ஒரு தேவாலயத்தின் அடித்தளத்தில் ஆறு கட்டில்களோடு அலி ஃபோர்னி மையம் தொடங்கியது. ஆறே ஆறு கட்டில். நமக்கு ஆறு கட்டிலுக்கு முன்னால் ஆயிரக்கணக்கான ஆணுறைகள் வந்தன. அதற்கு நன்றியும் சொல்ல வேண்டும், அந்த வரிசையை யோசிக்கவும் வேண்டும்.

*

2008 ஏப்ரல் 15-ல் தமிழ்நாடு அரசு அரவாணிகள் நல வாரியத்தை அமைத்தது. இந்தியாவிலேயே முதல் வாரியம். அடையாள அட்டை, குடும்ப அட்டை, அரசு மருத்துவமனையில் இலவசப் பாலின மாற்று அறுவை சிகிச்சை என்று வரிசையாக வந்தன. 'திருநங்கை' என்ற சொல் அரசாணைக்குள்ளும் தினத்தாளுக்குள்ளும் புழக்கத்துக்கு வந்தது. சரியாக ஆறு வருஷம் கழித்து 2014-ல் அதே ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றத்தின் நால்சா தீர்ப்பு வந்து, தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமையை உறுதி செய்தது.

முதல்முறையாக அரசு இவர்களை நோய்க்கு வெளியே பார்த்தது. நோயாளி என்ற கட்டத்துக்குப் பதில் திருநங்கை என்ற கட்டம். அது பெரிய மாற்றம். அட்டை கையில் இருப்பதன் அருமை அட்டை இல்லாமல் ரேஷன் கடையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். ஆனாலும் அது ஒரு கட்டம்தான். அட்டை வாங்க முதலில் தன்னை வெளிப்படுத்திக்கொள்ள வேண்டும். நேற்று ராத்திரி வீட்டிலிருந்து கிளம்பி வந்த பதினெட்டு வயதுப் பிள்ளை, தான் யார் என்று தனக்கே இன்னும் முழுசாகச் சொல்லிக்கொள்ளாத பிள்ளை, அட்டையா கேட்கும்?

*

2021-ல் மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சென்னைக்கு வந்தார்கள். ஒருவருக்கு 20 வயது, இன்னொருவருக்கு 22. ஒருவரை ஒருவர் விரும்பினார்கள். வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. சென்னையில் இருந்த அமைப்புகளும் சமூகத்தைச் சேர்ந்தவர்களும் அவர்கள் தங்க உதவினார்கள். இரண்டு வீட்டிலிருந்தும் 'பெண்ணைக் காணவில்லை' என்று புகார். போலீஸ் தேடி வந்தது. பாதுகாப்புக் கேட்டுப் பெண்கள் உயர் நீதிமன்றம் போனார்கள்.

இந்தக் 'காணவில்லை' புகாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மகள் எங்கே இருக்கிறாள் என்று பெற்றோருக்குத் தெரிந்திருந்தாலும் புகார் கொடுக்கலாம். கொடுத்ததும் போன் சிக்னலை வைத்துத் தேடும் வேலையைப் போலீஸே செய்துவிடும். கண்டுபிடித்தபின் பெரும்பாலும் சட்டம் பேசாது, ஸ்டேஷனில் இருப்பவர்களின் குடும்பப் பாசம்தான் பேசும். "அம்மா எப்படி அழுவுது பாரு, கூடப் போம்மா" என்பார்கள். வயது வந்த ஒருவர் தன் விருப்பத்தின்பேரில் வீட்டை விட்டு வந்திருக்கிறார் என்ற எளிய உண்மை அந்த அறையில் எடுபடாது. தங்க இடம் கொடுத்தவர் மேல் கடத்தல் வழக்கு வருமோ என்ற பயம் வேறு. ஆகவே உதவ நினைக்கிறவரும் பின்வாங்குவார். ஒரு காகிதம் அத்தனை கதவையும் சாத்திவிடும்.

வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்கே புரிதல் போதவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, தீர்ப்பு எழுதும் முன் உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். 2021 ஜூன் 7 அன்று வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தார். பலரும் நினைவில் வைத்திருப்பது, பாலீர்ப்பை 'குணப்படுத்துகிறேன்' என்று சொல்லிச் செய்யப்படும் சிகிச்சைகளைத் தடை செய்ததை. என் பார்வையில் அதே அளவு முக்கியமான இரண்டு வேறு உத்தரவுகள் அதில் உண்டு. ஒன்று, காணாமல் போனதாகச் சொல்லப்படுகிறவர்கள் வயது வந்தவர்கள், சம்மதத்தோடு சேர்ந்து இருக்கிறார்கள் என்று தெரிந்தால், அவர்கள் வாக்குமூலத்தை வாங்கிக்கொண்டு போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும். இன்னொன்று, ஏற்கெனவே இருக்கும் குறுகிய காலத் தங்கும் இல்லங்கள், அங்கன்வாடித் தங்குமிடங்கள், திருநர்களுக்காக மத்திய அரசு நடத்தும் கரிமா கிருஹ இல்லங்கள் ஆகியவை, இந்தச் சமூகத்தில் தங்க இடம் தேவைப்படும் எவருக்கும் இடம் கொடுக்க வேண்டும். அதற்கான வசதிகளைச் செய்ய 12 வாரம் அவகாசம்.

'எவருக்கும்' என்பதுதான் புதியது. நோய் இருக்கிறதா என்று கேட்கவில்லை. எந்தப் பாலினம் என்று பிரிக்கவில்லை. இடம் தேவையா என்று மட்டும் கேட்டது. 1986-ன் காப்பகத்திலிருந்து இந்த ஒரு சொல்லுக்கு வர 35 வருஷம் ஆயிற்று.

அதன் பிறகு சில காரியங்கள் நடந்தன. 2022-ல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் 24-சி சேர்க்கப்பட்டு, இந்தச் சமூகத்தினரையும் அவர்களுக்கு உதவுகிறவர்களையும் துன்புறுத்துவது நடத்தை மீறல் ஆனது. அதே ஆண்டு மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலை அரசு வெளியிட்டது. 2025 மே 22-ல் நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு, பெற்றோர் வீட்டில் அடைத்து வைக்கப்பட்டிருந்த 25 வயதுப் பெண்ணை விடுவித்தது. குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றே வழி இல்லை, தாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளும் குடும்பமும் குடும்பம்தான் என்றது. ஜமாத்து அம்மாக்கள் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். அவர்களுக்கு இது எத்தனையோ தலைமுறைப் பழைய செய்தி.

*

இப்போது இன்றைய தாம்பரத்துக்கு வருவோம். தெற்கிலிருந்து சென்னைக்கு வரும் ரயில்கள் பலவும் இங்கே நின்றுதான் போகின்றன. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பேருந்துகளும் இந்தப் பக்கமே நின்றுவிடுகின்றன. வீட்டை விட்டு வருகிற பிள்ளையின் முதல் சென்னை பெரும்பாலும் தென்புறநகர்தான். 2022 ஜனவரி 1 முதல் தாம்பரத்துக்குத் தனிக் காவல் ஆணையரகமும் இருக்கிறது.

வந்து இறங்கும் பிள்ளைக்குப் பதினேழு வயது என்றால் 1098-ஐக் கூப்பிடலாம். குழந்தைகள் நலக் குழு இருக்கிறது, சட்டம் இருக்கிறது. பதினெட்டு முடிந்து ஒரு நாள் ஆனாலும் அந்தக் கதவு சாத்திவிடும். இளைஞர் நீதிச் சட்டத்தில் பதினெட்டுக்குப் பிறகும் உதவி உண்டு, ஆனால் அது ஏற்கெனவே இல்லத்தில் வளர்ந்தவர்களுக்கு. பெண் என்றால் 181 இருக்கிறது, சானடோரியத்திலேயே அரசு சேவை இல்லம் இருக்கிறது. (2025 ஜூனில் அந்த இல்லத்தில் இருந்த சிறுமி ஒருவருக்கு அங்கிருந்த காவலாளியாலேயே பாலியல் வன்முறை நடந்து அவர் கைதானார். கதவுக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார் என்பதும் கேட்கவேண்டிய கேள்வி.) திருநங்கை என்றால் கரிமா கிருஹம், 2025-ல் அரசு அறிவித்த 'அரண்' இல்லங்கள். மனசு உடைந்து போயிருந்தால் 14416, இல்லாவிட்டால் சினேகா.

பத்தொன்பது வயதுப் பையன், ஆண்களை விரும்புகிறவன், உடம்பில் ஒரு குறையும் இல்லை, கையில் நானூறு ரூபாய். அவனுக்கு எது? தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரைக்கும், அந்தப் பக்கம் ஓஎம்ஆர் முழுக்கவும் ஹாஸ்டல் போர்டுகள் தொங்குகின்றன. உள்ளே போனால் ஆதார் கேட்பார்கள், அட்வான்ஸ் கேட்பார்கள், பிறகு "தம்பி, அப்பா நம்பர் குடுப்பா" என்பார்கள். அவன் எந்த நம்பரிலிருந்து தப்பி வந்தானோ அதே நம்பர். திருநம்பிக்கு இன்னும் சிக்கல்: ஆண்கள் ஹாஸ்டலில் ஆதார் இடிக்கும், பெண்கள் ஹாஸ்டலில் ஆள் இடிப்பார். இதே ஓஎம்ஆரில் ஜூன் மாதம் ஆனால் வானவில் நிறத்தில் அடையாள அட்டைக் கயிறு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறோம். அலுவலக வாசலுக்கு வெளியே, வாடகை ஒப்பந்தத்தில், அந்த நிறம் ஒட்டவில்லை.

கட்டங்களே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது நியாயமும் இல்லை. எண்ணப்பட்டவர்களுக்குத்தான் நிதி வந்தது. திருநங்கைகள் தங்களைத் தனியாக எண்ணச் சொல்லிப் போராடியதால்தான் வாரியம் வந்தது. நோயாளியாக எண்ணப்பட்டதால்தான் தாம்பரத்தில் மருந்து வந்தது. படிப்பு, வேலை, அறுவை சிகிச்சை, ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் யார், எத்தனை பேர் என்று தெரிய வேண்டும். ஆனால் அதெல்லாம் இரண்டாவது வாரத்துக் கேள்விகள். வந்து இறங்கிய அன்றைக்கு ராத்திரி அந்தப் பிள்ளையிடம் கேட்கத் தேவையானது இரண்டுதான்: சாப்பிட்டியா? யாராவது தேடி வந்தா என்ன சொல்லணும்?

2025-ல் தமிழ்நாடு அரசு திருநர்களுக்கான மாநிலக் கொள்கையை வெளியிட்டது. மற்றவர்களுக்குத் தனியாக ஒரு கொள்கை என்று அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சொன்னது. எல்லோருக்கும் சேர்த்து ஒன்றாகக் கொண்டுவரலாமே என்று நீதிபதி யோசனை சொல்லியிருந்தார். கொள்கைகள் தனித்தனியாக இருப்பதில்கூட எனக்குப் பெரிய வருத்தமில்லை. கட்டில்கள் தனித்தனியாக இருப்பதில்தான் இருக்கிறது. பத்துக் கட்டில், சமைத்துப் போட ஒருவர், 'காணவில்லை' புகாரோடு வரும் போலீஸ்காரரிடம் 2021 உத்தரவைக் காட்டிப் பேசத் தெரிந்த ஒரு வக்கீல், வேண்டாம் என்றால் எழுந்து போகத் திறந்திருக்கும் கதவு. ஒரு மாநகராட்சிக்கு இது பெரிய செலவு இல்லை. தாம்பரம் 2021-லேயே மாநகராட்சி ஆகிவிட்டது. இருமுகிறவர்களை யாரும் வைத்துக்கொள்ளாத காலத்தில் அவர்களுக்கு இடம் கொடுத்த ஊர் இது. இருமாதவர்களுக்கும் கொடுக்கலாம்.